மழைக்கு முன் ஒரு நடை: உங்கள் குட்டைக் கரை பத்திரமா?

"நம்ம பட்டா நிலம், நம்ம குட்டை. கரை உடைஞ்சா தண்ணி போகும், அவ்வளவுதானே?" என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

அரை ஏக்கர் பரப்பில், சராசரி 6 அடி ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் குட்டையில் சுமார் 37 லட்சம் லிட்டர் இருக்கும். 12,000 லிட்டர் டேங்கர் லாரி என்றால் 300 லாரி தண்ணீர். கரை உடைந்தால் இது மொத்தமும் சில நிமிடங்களில் பக்கத்து நிலத்துக்கோ, கீழே இருக்கும் வீட்டுக்கோ, மாட்டுக் கொட்டகைக்கோ போய்விடும்.

2024 டிசம்பரில் நடந்தது

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகும் மழை விடவில்லை. டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் அரூரில் 33 செ.மீ., பக்கத்து மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை பதிவானது. தர்மபுரி மாவட்டத்தில் ஆண்டு முழுக்கப் பெய்யும் சராசரி மழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், அரூரில் ஒரே நாளில் கொட்டியது.

உங்கள் குட்டைக்கு மேலே 10 ஏக்கர் சரிவு நிலம் இருக்கிறது என்று வையுங்கள். 33 செ.மீ. மழையில் பாதி மட்டும் ஓடி வந்தாலே 66 லட்சம் லிட்டர். அரை ஏக்கர் குட்டை காலியாக இருந்தாலும் அதற்குள் இது அடங்காது. மிச்சத் தண்ணீர் போக வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கரை ஏன் உடைகிறது?

மண் கரைகள் பெரும்பாலும் மூன்று விதமாகத்தான் உடைகின்றன.

1. தண்ணீர் கரை மேல் ஏறி வழிவது. வழியும் தண்ணீர் வெளிப்பக்க மண்ணை அரித்துக்கொண்டே வந்து கரையை வாயாகப் பிளந்துவிடும். கோடி (கலங்கல்) இல்லாததும், இருந்தும் அடைத்துக் கிடப்பதும் இதற்குக் காரணம். "இன்னும் கொஞ்சம் தண்ணி நிக்கட்டும்" என்று கோடியில் மண் மூட்டை அடுக்குவது மிக ஆபத்தான பழக்கம்.

2. கரைக்குள்ளேயே கசிந்து அரிப்பது. எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரத்தின் வேர் போன தடம், கரைக்குள் பதித்த குழாயின் ஓரம் ஆகியவை தண்ணீருக்குப் பாதை ஆகும். கரையில் வளர்ந்த சீமைக்கருவேல மரம் காற்றில் சாய்ந்தால் வேரோடு கரையையும் பெயர்த்துவிடும்.

3. சரிவு சறுக்குவது. ஜேசிபி வைத்து மண்ணைக் குவித்து, நனைத்து இறுக்காமல் விட்ட செங்குத்தான கரைகள் ஊறியதும் சரியும். பொதுவாக 1 அடி உயரத்துக்கு உள்பக்கம் 3 அடி, வெளிப்பக்கம் 2 அடி சரிவு வேண்டும். மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டு, நனைத்து, இறுக்க வேண்டும்.

போனோடு ஒரு நடை

புரட்டாசியில், மழை வலுக்கும் முன், கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடங்கள். மேலே ஒரு தடவை, வெளிப்பக்க அடிவாரத்தில் ஒரு தடவை. இவற்றைப் பாருங்கள்:

• கோடியில் முள், குப்பை, மண் இருக்கிறதா? அது தண்ணீரை வெட்டுமண் இல்லாத கெட்டித் தரை வழியே இறக்குகிறதா?
• கோடி மட்டத்துக்கு மேல் கரை குறைந்தது 2 அடி உயரமாக இருக்கிறதா? மாடும் வண்டியும் போய்த் தாழ்ந்த இடம் உண்டா?
• விரிசல், பள்ளம், வளை உண்டா?
• கோடையிலும் பச்சையாக, சொதசொத என்று இருக்கும் இடம் உண்டா? அங்கே கசிவு இருக்கலாம்.

ஒவ்வொரு இடத்தையும் படம் எடுங்கள். மாதம் ஒரு தடவை அதே இடத்தில் நின்று அதே மாதிரி எடுங்கள். விரிசல் பக்கத்தில் ஒரு முளைக்குச்சி அடித்து வைத்தால், அது வளர்கிறதா என்பது படத்திலேயே தெரிந்துவிடும். கரையில் அருகம்புல், வெட்டிவேர் வளரட்டும்; மரம் வேண்டாம். செடியாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள். பெரிய மரத்தை வேரோடு தோண்டும் முன் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் ஆலோசனை கேளுங்கள். மண் வேலைக்கு இயந்திரம் வேண்டுமானால் அத்துறையிடமே வாடகைக்குக் கிடைக்கும். மானியத் திட்டங்களை உழவன் செயலியில் பார்க்கலாம்.

கசிவு தெரிந்தால்

கசியும் தண்ணீர் தெளிவாக, ஒரே அளவில் வந்தால் தினமும் கவனியுங்கள். கலங்கி, மண்ணோடு வந்தாலோ, அளவு கூடினாலோ கரை உள்ளே அரிக்கிறது என்று அர்த்தம். அப்போது:

• முதலில் கீழே இருக்கும் ஆட்களை மேட்டுக்கு அனுப்புங்கள். நள்ளிரவானாலும் போன் போடுங்கள்.
• 1077 (மாவட்டக் கட்டுப்பாட்டு அறை) அல்லது 1070 (மாநிலம்) எண்ணுக்குச் சொல்லுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரிவியுங்கள்.
• மோட்டார் வைத்துத் தண்ணீர் மட்டத்தைக் குறையுங்கள்.
• வெளியே தண்ணீர் வரும் துளையைக் களிமண் வைத்து அடைக்காதீர்கள். அது வேறு இடத்தில் பீறிடும். அதன் மேல் மணல், பிறகு ஜல்லி, பிறகு கல் என்று போட்டால் தண்ணீர் வெளியேறும், மண் தங்கும். கரை சரியத் தொடங்கிவிட்டால் பக்கத்தில் போகவே கூடாது.
• கரையை நடுவில் வெட்டிவிடாதீர்கள். வெட்டிய வாய் நம் கட்டுப்பாட்டில் நிற்காது.

பொறுப்பு யாருக்கு?

2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சில வகைகளுக்கும்தான் பொருந்தும். நம் வயல் குட்டையைப் பார்க்க அந்தச் சட்டப்படி யாரும் வரமாட்டார்கள். அதனால் பொறுப்பு இல்லை என்று ஆகிவிடாது.

அன்றைய சென்னை மாகாணத்தில் கார்வேட்டிநகரம் ஜமீனின் ஏரிகள் உடைந்து ரயில் பாதை சேதமானது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1874-இல் வந்த தீர்ப்பு, ஏரி உடைந்தது என்பதற்காக மட்டும் உடையவர் நஷ்டஈடு தர வேண்டியதில்லை, பராமரிப்பில் அசட்டை இருந்தால்தான் பொறுப்பு என்றது. இன்று நமக்கும் இதில் பாடம் உண்டு. தேதியோடு நீங்கள் எடுத்து வைக்கும் படங்கள், கரையைக் கவனித்து வந்தீர்கள் என்பதற்கு அத்தாட்சி.

இன்னொன்று: பட்டா நிலத்துக்குள் போனாலும் ஓடைப் புறம்போக்கு அரசுடையது. அதை மறித்துக் கரை போடக் கூடாது. வருவாய்த் துறையின் இணைய சேவைத் தளத்தில் உங்கள் புல வரைபடத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மண்வெட்டியும் போனும் எடுத்துக்கொண்டு முதலில் கோடிக்குப் போங்கள். அடைப்பு இருந்தால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.