செல்போன் யாருடைய சொத்து?

ஆண்டுதோறும் ஸெப்டம்பர் மாதம் பிறந்துவிட்டால் நமது நகரங்களில் ஒருவகை ஜுரம் பரவுவதைக் காண்கிறோம். அமெரிக்காவிலே குப்பர்டினோ என்னும் ஊரில் ஆப்பிள் கம்பெனியார் தங்கள் புதிய ஐபோனை உலகத்துக்குக் காட்டுகிறார்கள். உடனே சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும், கையிலிருக்கும் போன் நேற்றுவரை நன்றாக உழைத்ததை மறந்து, "மாற்றிவிடலாமா?" என்று நண்பர்கள் ஒருவரையொருவர் கேட்கத் தொடங்குகிறார்கள். ஆண்ட்ராய்ட் வைத்திருப்பவர் ஐபோனுக்குப் போகலாமா என்று யோசிக்கிறார்; ஐபோன் வைத்திருப்பவரோ அடுத்த எண்ணுள்ள ஐபோனை வாங்கலாமா என்று யோசிக்கிறார். 2024 ஸெப்டம்பரில் வெளியான ஐபோன் 16-க்கு இந்தியாவில் அறிவிக்கப்பட்ட ஆரம்ப விலை ரூ. 79,900. நடுத்தரக் குடும்பமொன்றின் பல மாதச் சாப்பாட்டுச் செலவு இதில் அடங்கிவிடும். ஆயினும் தவணை முறையில் கடன்பட்டாவது வாங்குவோர் தொகை குறைந்தபாடில்லை.

இது சில்லறை விஷயம், தலையங்கப் பக்கத்துக்கு ஏற்றதல்ல என்று நேயர்கள் சிலர் நினைக்கக்கூடும். நாம் அப்படி நினைக்கவில்லை. இன்று பண வரவு செலவும், கடிதப் போக்குவரத்தும், ரயில் டிக்கெட்டும், சர்க்கார் இலாகாக்களில் மனுச் செய்வதும், தொண்டர்களைக் கூட்டத்துக்கு அழைப்பதும் இந்தக் கையடக்கக் கருவியின் மூலமாகவே நடைபெறுகின்றன. இதற்கு விலை கொடுத்தவர்கள் நாம். ஆனால் இது எத்தனை காலம் உழைக்கலாம், இதில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று தீர்மானிக்கும் பாத்தியதை நம்மிடம் இருக்கிறதா? போனை மாற்றுவதா வேண்டாமா என்பதற்கு விடை தேடுமுன், இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டுமென்பதே நமது அபிப்பிராயம்.

போனுக்கு உடல் ஒன்று, அதை நடத்தும் உயிர் ஒன்று. இவ்வுயிரைத்தான் இயங்குதளம் என்கிறார்கள். 2007 ஜூன் மாதம் விற்பனைக்கு வந்த ஐபோனின் இயங்குதளமாகிய ஐ.ஓ.எஸ்., ஆப்பிளின் போன்களைத் தவிர வேறொருவர் போனில் இயங்காது. கூகுள் கம்பெனியாரோ, 2005-ஆம் ஆண்டில் ஆண்ட்ராய்ட் என்னும் சிறு ஸ்தாபனத்தை விலைக்கு வாங்கி, 2008-இல் முதல் ஆண்ட்ராய்ட் போன் வெளிவரச் செய்தனர். அதன் மூலநிரலை எவரும் எடுத்தாளலாம் என்று திறந்துவிட்டதால், போன் தயாரிப்போர் பலரும் அதையே தழுவினார்கள். இந்தியாவில் உபயோகத்திலுள்ள ஸ்மார்ட்போன்களில் 100-க்கு 90-க்கு மேற்பட்டவை ஆண்ட்ராய்ட். மிச்சத்தில் ஏறக்குறைய முழுவதும் ஆப்பிள். மூன்றாமவர் என்று சொல்லத்தக்கவர் ஒருவருமில்லை.

மூன்றாமவர் இல்லாமற்போன கதையைத் தமிழ்நாட்டார் மறப்பதற்கில்லை. பின்லாந்து தேசத்து நோக்கியா கம்பெனியார் 2006-ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை தொடங்கினர். உலகிலேயே அதிகமான செல்போன்களை அந்நாளில் விற்றவர்கள் அவர்களே. ஆலை செழித்திருந்தபோது சுமார் 8,000 பேர் அங்கே நேரடியாக வேலை செய்தார்கள். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள் அவர்களில் ஏராளம். நோக்கியாவின் ஸ்மார்ட்போன்களுக்குச் சிம்பியன் என்ற இயங்குதளம் இருந்தது. ஐபோனும் ஆண்ட்ராய்டும் வந்தபின் அது பின்தங்கிற்று. 2011 பிப்ரவரியில் கம்பெனித் தலைவர் ஸ்டீபன் இலாப், சிம்பியனைக் கைவிட்டு மைக்ரோஸாப்டின் விண்டோஸ் போன் தளத்துக்கு மாறுவதென்று அறிவித்தார். அந்த மாற்றம் பலிக்கவில்லை. 2013-இல் போன் வியாபாரமே மைக்ரோஸாப்டுக்கு விலை பேசப்பட்டு, 2014 ஏப்ரலில் கைமாறிற்று. வருமான வரி வழக்கில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அவ்விற்பனையில் சேராமல் தனித்து நின்றது. மைக்ரோஸாப்ட் தன் ஆர்டரை நிறுத்திக்கொள்ளவே, 2014 நவம்பர் 1-ந் தேதி உற்பத்தி ஓய்ந்தது.

வரி வழக்குதான் ஆலையைக் கொன்றது என்பார் உண்டு. அதற்கும் பங்குண்டு, நாம் மறுக்கவில்லை. ஆனால் எந்த இயங்குதளம் என்று கடல் கடந்த தேசத்தில் நாலு பேர் கூடி எடுத்த முடிவு தவறாமல் இருந்திருந்தால், நோக்கியா தன் போன் வியாபாரத்தை விற்கவேண்டி வந்திருக்குமா? அந்த முடிவைப்பற்றி ஸ்ரீபெரும்புதூர்த் தொழிலாளியை ஒருவரும் கேட்கவில்லை. நம்பி வாங்கியவர்களையும் கேட்கவில்லை. விண்டோஸ் போன்களுக்குரிய ஆதரவை மைக்ரோஸாப்ட் 2020 ஜனவரிக்குள் அடியோடு நிறுத்திற்று. நல்ல உடலோடிருந்த போன்கள் உயிரிழந்து மேஜை அறைக்குள் கிடந்தன.

ஆகவே இன்று மாற விரும்புகிறவருக்கு இருப்பவை இரண்டே வீடுகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் குடிபோவது எளிதா? வாசலில் வரவேற்பு பலமாக இருக்கிறது. வெளியேறுகிற கதவுதான் குறுகலாயிருக்கிறது. ஆண்ட்ராய்டிலிருந்து வருவோரை அழைத்துக்கொள்ள ஆப்பிள் 2015-லேயே ஒரு செயலி செய்து வைத்தது. விலாசங்களும் புகைப்படங்களும் அதன் மூலம் வந்து சேரும். ஆனால் பழைய வீட்டில் விலை கொடுத்து வாங்கிய செயலிகள் வாரா. மீண்டும் பணம் கட்ட வேண்டும். ஆப்பிள் கடிகாரம் வாங்கிக் கட்டியவர் ஆண்ட்ராய்டுக்குப் போனால் அந்தக் கடிகாரம் அங்கே உதவாது. வாட்ஸப் பேச்சுக்களைத் தளம் விட்டுத் தளம் கொண்டுபோக 2021 வரையில் கம்பெனியார் காட்டிய வழி ஒன்றுமே இல்லை. 2022-இல் ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு வழி திறந்தபோதும், புது ஐபோனை முதன்முதலாக அமைக்கும்போதே அதைச் செய்ய வேண்டுமென்று ஷரத்து இருந்தது. இந்த விவரம் தெரியாமல் இரண்டு நாள் கழித்து விழித்தவர்கள் பலர். ஆண்டுக்கணக்கான பேச்சு, காலமான தந்தையின் குரல் பதிவு, சங்கத்தின் கணக்கு, எல்லாம் அக்கரையில் நின்றுவிட்டன.

2022 ஸெப்டம்பரில் ஒரு நிருபர், தம் தாயாரின் ஆண்ட்ராய்ட் போனுக்குத் தாம் ஐபோனிலிருந்து அனுப்பும் வீடியோ சரியாகப் போய்ச் சேர்வதில்லை என்று ஆப்பிள் தலைவர் டிம் குக்கிடம் குறைபட்டுக்கொண்டார். தாயாருக்கு ஓர் ஐபோன் வாங்கிக் கொடுங்கள் என்பதே கிடைத்த பதில்! குறையைத் தீர்க்கும் ஏற்பாடு 2024 ஸெப்டம்பரில்தான் ஐ.ஓ.எஸ். 18-இல் வந்தது. இதற்கிடையே, அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில், ஆப்பிள் சட்ட விரோதமாக ஏகபோகத்தைக் காக்கிறதென்று அமெரிக்க சர்க்காரே வழக்குத் தொடுத்தது.

கூகுளின் வீடு திறந்த வீடு என்று சொல்லிக்கொள்ளப்படுகிறது. அங்கும் நிலைமை வேறல்ல. மூலநிரல் இலவசமே, ஆனால் செயலிக் கடையாகிய பிளே ஸ்டோர் இல்லாத போனை யார் வாங்குவார்? அந்தக் கடை வேண்டுமானால் கூகுளின் மற்றச் செயலிகளையும் சேர்த்துப் போனில் ஏற்றியே தீர வேண்டுமென்று தயாரிப்பாளர்களிடம் ஒப்பந்தம் வாங்கினார்கள். இதை விசாரித்த இந்தியப் போட்டிக் கமிஷன், 2022 அக்டோபரில் ரூ. 1,337.76 கோடி அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் அப்பீல் மன்றம், கமிஷனின் கட்டளைகளில் நான்கை ரத்துச் செய்தபோதிலும், அபராதத்தை உறுதி செய்தது. நமது தேசத்தின் ஒரு ஸ்தாபனம் இவ்வளவு பெரிய கம்பெனியை நிறுத்திக் கேள்வி கேட்டதைப் பாராட்டுகிறோம்.

நிற்க. தளம் மாறாமல், இருக்கும் தளத்திலேயே புதிய பதிப்புக்கு ஏறுவதா என்பது அடுத்த கேள்வி. இங்கேயும் வாங்கியவர் அறியாமலே காரியங்கள் நடந்திருக்கின்றன. பழைய பேட்டரியுள்ள ஐபோன்கள் திடீரென்று அணைந்துபோவதைத் தடுப்பதற்காக அவற்றின் வேகத்தைத் தாங்களே மென்பொருள் மூலம் குறைத்ததாக, 2017 டிசம்பரில் ஆப்பிள் கம்பெனியார் ஒப்புக்கொண்டனர். காரணம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால், "உன் போனுக்கு வயதாகிவிடவில்லை, பேட்டரியை மாற்றினால் போதும்" என்று சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னார்களா? போன் மந்தமாகிவிட்டதென்று நம்பிப் புதுப்போன் வாங்கியவர்கள் எத்தனை பேரோ! விஷயம் வெளிவந்தபின் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தார்கள். 2020-இல் பிரான்ஸ் சர்க்கார் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது; அமெரிக்காவில் 50 கோடி டாலர் வரையில் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொள்ள நேர்ந்தது. ஆண்ட்ராய்ட் பக்கத்தாரும் சிரிப்பதற்கில்லை. 2018-இல் இத்தாலி தேசத்துப் போட்டி அதிகாரிகள், புதிய பதிப்பை ஏற்றச் சொல்லிப் பழைய போன்களைச் சீர்குலைத்ததாக ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் ஸாம்ஸங்குக்கு 50 லட்சம் யூரோவும் தண்டனை விதித்தனர்.

மேலும், ஐபோனில் புதிய பதிப்புக்கு ஏறியவர் மனம் மாறி இறங்க விரும்பினால், சில வாரங்கள் சென்றபின் அதற்கும் வழியில்லை. பழைய பதிப்புக்கு ஆப்பிளின் அனுமதிக் கையொப்பம் நின்றுவிடுகிறது.

இவற்றையெல்லாம் கண்டு, புதிய பதிப்பே வேண்டாமென்று பிடிவாதம் செய்வோரை நாம் ஆதரிக்கவில்லை. தமிழ் எழுத்துக்களுக்குப் பதிலாக வெறும் கட்டங்களைக் காட்டிய பழைய போன்களை மறந்தவர் உண்டோ? அக்குறை நீங்கியது தளங்களின் புதிய பதிப்புகளாலேயே. பாதுகாப்புத் திருத்தங்களைத் தள்ளிப்போடுவது, அதிலும் பொதுவாழ்வில் ஈடுபட்டவர் தள்ளிப்போடுவது, பெருந்தவறு. இஸ்ரேல் தேசத்து என்.எஸ்.ஓ. கம்பெனியின் பெகாஸஸ் என்னும் வேவு மென்பொருள் ஐபோனுக்குள் நுழைந்த ஒரு ஓட்டையை, டொராண்டோ சர்வகலாசாலையின் ஆராய்ச்சியாளர் 2021-இல் ஓர் அரசியல் தொண்டரின் போனில் கண்டுபிடித்தனர். அவர் எதையும் தொட்டிருக்க வேண்டியதில்லை. ஒரு செய்தி வந்து சேர்ந்தாலே போதும். அவ்வாண்டு ஸெப்டம்பரில் ஆப்பிள் அவசரமாக வெளியிட்ட 14.8 என்ற திருத்தமே அந்த ஓட்டையை அடைத்தது. திருத்தம் வேறு, புதிய போன் வாங்குவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி விற்பதில்தான் வியாபாரிகளின் சாமர்த்தியம் இருக்கிறது.

சுதேசி இயங்குதளம் ஒன்று இருந்தால் இத்தொல்லை தீராதா என்று கேட்கும் தேசபக்தர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023 ஜனவரியில், சென்னை ஐ.ஐ.டி.யின் நிழலில் வளர்ந்த ஸ்தாபனமொன்று பாரோஸ் என்ற தளத்தை வெளியிட்டபோது மத்திய மந்திரிகள் சோதித்துப் பார்த்து மகிழ்ந்தனர். நாமும் மகிழ்ந்தோம். ஆயினும் அதன் அஸ்திவாரம் கூகுள் திறந்துவிட்ட ஆண்ட்ராய்ட் மூலநிரலே என்பதை மறைக்க வேண்டியதில்லை. தளத்தைச் செய்வது பாதி வேலை. பாங்குகளும் வாட்ஸப் போன்றவர்களும் தங்கள் செயலிகளை அதற்கென்று செய்துகொடுக்கச் செய்வதே மற்றப் பாதி, கடினமான பாதி. சீனாவைப் பாருங்கள். 2019 மே மாதம் அமெரிக்க சர்க்கார் ஹுவாவே கம்பெனியைத் தடைப் பட்டியலில் சேர்க்கவே, அதன் புதுப் போன்களுக்குக் கூகுளின் கடை மூடிற்று. ஆகஸ்டில் ஹார்மனி என்ற சொந்தத் தளத்தை அறிவித்தார்கள். 2021 ஜூனில் அது போன்களுக்கு வந்தது. ஆண்ட்ராய்ட் செயலிகளின் துணையே வேண்டாத பதிப்பு 2024 அக்டோபரில் வந்தது. பின்னால் பெருஞ்சந்தையும் ஓயாத பணச் செலவும் இருந்தும் ஐந்தாண்டு பிடித்தது. மேடையில் கொடி அசைத்து முடிகிற காரியமல்ல இது.

அதுவரை பிரஜைகளுக்குச் சட்டம் துணை நிற்க வேண்டும். ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20-ந் தேதி முதல் ஒரு விதி அமுலுக்கு வந்திருக்கிறது. ஒரு மாதிரிப் போனின் விற்பனை நின்ற நாளிலிருந்து குறைந்தது 5 ஆண்டு புதிய பதிப்புகள் கிடைக்க வேண்டும். உதிரிப் பாகங்கள் 7 ஆண்டு கிடைக்க வேண்டும். விலை உயர்ந்த சில போன்களுக்கு, 2023 முதல் கூகுளும் 2024 முதல் ஸாம்ஸங்கும் 7 ஆண்டுத் திருத்தங்கள் தருவதாகத் தாங்களே வாக்களித்திருக்கின்றனர். ஆனால் நமது தேசத்தில் பதினாயிரம் ரூபாய்ப் போன் வாங்கும் ஏழைக்கு அந்த வாக்குறுதி எட்டுவதில்லை. நமது மத்திய சர்க்கார் 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமையைப்பற்றி ஒரு கமிட்டி நியமித்தது. கமிட்டியோடு நிறுத்திக்கொண்டால் போதாது.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் இன்று தைவான் தேசத்து பாக்ஸ்கான் கம்பெனியின் ஆலையில் நம்மவர் கைகள் ஐபோன்களைப் பூட்டி அனுப்புகின்றன. 2019-இல் அங்கே தயாரான ஐபோன் எக்ஸ்.ஆர். என்ற மாதிரி, 2025 ஸெப்டம்பரில் ஐ.ஓ.எஸ். 26 வெளியானபோது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் அதற்குப் பின்னும் வந்தன. அவை எந்த நாள் வரை என்று வாங்கியபோது எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. அந்தப் போனை வைத்திருப்பவர், திருத்தம் வருகிறவரையில் சில ஆயிரம் ரூபாய்க்குப் பேட்டரி மாற்றிக்கொண்டு அதையே உபயோகிக்கலாம். ஸெப்டம்பர் ஜுரத்துக்கு இடங்கொடுக்க வேண்டியதில்லை. நாலணா மருந்துப் புட்டியின் மீதும் காலாவதித் தேதி அச்சிடாமல் விற்கக் கூடாதென்று இந்த தேசத்தில் சட்டம் இருக்கிறது. எண்பதினாயிரம் ரூபாய்ப் போன் பெட்டியின் மேல், திருத்தம் எந்த மாதம் எந்த ஆண்டு வரை கிடைக்கும் என்பதை விலைக்குப் பக்கத்திலேயே அச்சிடும்படி நமது சர்க்கார் உத்தரவிடுவதற்கு என்ன தடை என்று பார்லிமெண்டு அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்திலேயே கேட்க வேண்டும்.