பறவை பார்க்கச் சேர்ந்து போவோம்

இரவில் கூகை அலறினால் அபசகுனம் என்று விரட்டுகிறோம். ஆனால், செம்பனைப் பழங்களைக் கடிக்கும் எலிகளைத் தின்று விளைச்சலைக் காப்பது அதுதான். அதற்காகவே பல தோட்டங்களில் கூண்டு வைத்து அதை வளர்க்கிறார்கள்.

இதையெல்லாம் அறிந்தவரோடு சேர்ந்து பார்த்தால் நமக்கும் விளங்கும். 1940இல் தோன்றிய மலேசிய இயற்கைக் கழகத்துக்குப் பல மாநிலங்களில் கிளைகள் உண்டு. பறவை பார்க்கும் குழுவில் சேர அங்கே கேட்கலாம். பள்ளியில் 'பென்சிந்தா ஆலாம்' மன்றம் இருக்கிறதா என்று ஆசிரியரிடமும் விசாரிப்போம்.

மார்ச் மாதத்தில் போர்ட்டிக்சன் அருகே தஞ்சோங் துவானுக்குப் போனால், சுமத்ராவிலிருந்து கடல் கடந்து வடக்கே திரும்பும் தேன்பருந்துகளைக் காணலாம். பிள்ளைகளையும் அழைத்துச் செல்வோம். அவர்கள் கையில் உண்டிவில் வேண்டாம். ஒரு குறிப்பேடு போதும்.