மீன் தொட்டிக்கும் உறை ஊற்றலாம்



வீட்டில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பவர்களுக்கு என்றாவது ஒரு நாள் இந்தச் சோதனை வரும். முந்தின ராத்திரி வரை ஓடி ஆடின மீன்கள் காலையில் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். உடனே வீட்டில் ஆளாளுக்கு ஒரே யோசனைதான் சொல்வார்கள். தொட்டியைக் கவுத்துக் கழுவு, புதுத் தண்ணி ஊத்து, புது மீன் வாங்கிப் போடு. இந்த மூன்றையும் செய்யாமல் இருந்ததால்தான் எங்கள் வீட்டுத் தொட்டி பிழைத்தது. யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

நான் ப்ளஸ் டூ வரை படித்தவள். தூத்துக்குடியில் குடித்தனம். கணவருக்குத் துறைமுகப் பக்கம் கிளியரிங் ஆபீஸில் வேலை. தொட்டி என் சிறுவாட்டுக் காசில் பையனுக்கு வாங்கிக் கொடுத்தது. 2 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். கழுத்தளவு நிரப்பினால் 60 லிட்டர் பிடிக்கும். கப்பி, மோலி, ஒரு கௌராமி என்று மொத்தம் 14 மீன்கள் இருந்தன.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்து ஜனங்கள் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். வருஷம் முழுக்கப் பெய்ய வேண்டியதைவிட அதிகம் அது. தாமிரபரணி கரை மீறி ஓடி, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நடுவழியில் நின்றுபோனது. எங்கள் வீடு கொஞ்சம் மேடு என்பதால் வாசல்படியோடு தண்ணீர் நின்றது. பின்தெருவில் இடுப்பளவு. கரண்ட் மூன்று நாளாக இல்லை.

அந்த மூன்று நாளும் தொட்டியில் காற்று ஓடவில்லை. பையனும் நானும் மாற்றி மாற்றி டம்ளரில் தண்ணீரை மோந்து உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். அதில் கொஞ்சம் காற்று கலக்கும் இல்லையா? இரை போடவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வரை 14 மீனும் உயிரோடுதான் இருந்தது. அன்று நடுராத்திரி கரண்ட் வந்தது. ஃபில்டர் தானாக ஓட ஆரம்பித்தது. விடிந்து பார்த்தால் 11 மீன் செத்து மிதக்குது!

பட்டினியும் இருட்டும் தாங்கினது, கரண்ட் வந்த பிறகு எப்படிச் செத்தது? எனக்கு ஒன்றும் புரியவில்லை. பையன் சாப்பிட மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். பின்தெருவில் அரிசி, துணிமணி, பிள்ளைகளின் புஸ்தகம் எல்லாம் போய் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் மீனுக்காக அழுதேன் என்று வெளியே சொல்லவே வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது நிஜம். மாமியார்தான், "வீட்டுக்கு வந்த கண்டத்தை அதுக வாங்கிட்டுப் போயிட்டு, விடு தாயி" என்றார்கள். அது உண்மையோ பொய்யோ, பையன் அதைக் கேட்டு இரண்டு வாய் சாப்பிட்டான்.

என் நாத்தனார் மகள் இங்கே மீன்வளக் கல்லூரியில் படிக்கிறாள். 1977-ல் தொடங்கிய கல்லூரி அது. எத்தனையோ தடவை அந்த வழியாகப் போயிருக்கிறோம். அங்கே படிக்கிற படிப்பு நம் வீட்டு ஹால் வரைக்கும் வரும் என்று யார் நினைத்தது! டவர் கிடைத்ததும் அவளுக்குப் போன் போட்டேன். அவள் முதலில் சொன்னதே, "அத்தை, ஒண்ணையும் கழுவிராதீங்க. செத்ததை மட்டும் எடுங்க. முதல்ல ஃபில்டரை நிறுத்துங்க" என்பதுதான்.

அவள் சொன்ன விவரம் இது. மீன் தண்ணீருக்குள்ளேயே தின்று தண்ணீருக்குள்ளேயே கழிக்கிறது. அந்தக் கழிவிலிருந்தும் மீனின் செவுளிலிருந்தும் அம்மோனியா வருகிறது. அது மீனுக்கு விஷம். ஆற்றிலும் குளத்திலும் அதைத் தின்று தீர்க்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் உண்டு. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அது அவ்வளவு மோசமில்லை, செடிக்கு உரம் மாதிரி. 1890 வாக்கிலேயே வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி கண்டுபிடித்துச் சொன்ன சங்கதியாம் இது. நம்ம தொட்டியில் இந்த உயிர்கள் அதிகமாகக் குடியிருப்பது ஃபில்டருக்குள் இருக்கிற ஸ்பாஞ்சில்தான். அப்புறம் அடியில் கிடக்கும் கூழாங்கல்லில்.

இவற்றுக்கும் காற்று வேண்டும். மூன்று நாள் ஃபில்டர் ஓடாமல் நின்றதில், மூடின டப்பாவுக்குள் அவை மூச்சு முட்டிச் செத்து அழுகிவிட்டன. கரண்ட் வந்ததும் அந்த அழுகல் தண்ணீரை மோட்டார் மொத்தமாகத் தொட்டிக்குள் தள்ளியிருக்கிறது. ஏற்கனவே காற்றுக் குறைவில் தவித்த மீன்கள் அதைத் தாங்கவில்லை. பிழைத்தது இரண்டு மோலியும் கௌராமியும். கௌராமி ஏன் பிழைத்தது தெரியுமா? அதற்கு செவுளோடு சேர்த்து, மேலே வந்து வாயால் காற்றைக் குடிக்கிற வசதியும் உண்டு. ஃபைட்டர் மீனுக்கும் அப்படித்தானாம்.

அடுத்த தலைவலி தண்ணீர். வெள்ளத்துக்குப் பிறகு நோய் பரவக்கூடாது என்று குடிதண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாசம் தூக்கலாக இருந்தது. மனுஷருக்கு அது நல்லதுதான். ஆனால் அந்தத் தண்ணீரை நேராக ஊற்றினால் குளோரின் மீனின் செவுளை அரித்துவிடும், பாக்கி நுண்ணுயிரையும் கொன்றுவிடும். வாளியில் பிடித்துத் திறந்தபடி ஒரு நாள் முழுக்க வைத்தால் குளோரின் ஆவியாகிப் போகும். அவசரம் என்றால் மீன் கடையில் ஹைப்போ என்று கல்கண்டு மாதிரி விற்பார்கள், அதில் கொஞ்சம் கரைத்தால் குளோரின் முறியும். அந்தக் காலத்தில் போட்டோ கழுவ வைத்திருந்தது அதே சாமான்தானாம். போர் தண்ணீர் எங்கள் ஊரில் உப்பும் காரத்தன்மையும் கூடினது. காரத்தன்மை ஏற ஏற அதே அளவு அம்மோனியா இன்னும் கடுமையான விஷமாகும் என்பதால் அதையும் தொடவில்லை. மழைத்தண்ணீர்தான் வாளி வாளியாக இருக்கிறதே என்றார் கணவர். அதில் தாதுச் சத்து ஒன்றுமே கிடையாது, பழகின தண்ணீரிலிருந்து மீனைத் திடீரென்று அதற்கு மாற்றினால் அதிர்ச்சியிலேயே போய்விடும்.

அதனால் மூன்று மீனையும் ஒரு சுத்தமான பிளாஸ்டிக் டிரம்மில், ஆற வைத்த தண்ணீரில் விட்டேன். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துவிட்டு அதே அளவு ஆற வைத்த தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் இன்னொரு மூன்றில் ஒரு பங்கு. ஸ்பாஞ்சை எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்தேன். குழாயில் காட்டவில்லை, சோப்பு கிட்டவே வரவில்லை. அழுகல் வாடை போன பிறகு மூன்றையும் தொட்டியில் திரும்ப விட்டேன். மீன் கடைக்காரர் நீல மருந்து ஒரு பாட்டில் எடுத்து நீட்டினார். வாங்கவில்லை. அந்த மருந்து பூஞ்சைக்கு நல்லது, ஆனால் நமக்கு வேண்டிய நுண்ணுயிரையும் சேர்த்து அடக்கிவிடும் என்று நாத்தனார் மகள் சொல்லியிருந்தாள்.

நாலைந்து நாள் கழித்து ரோடு சரியானதும் அவளே வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் கொஞ்சம் தண்ணீரோடு பழுப்பு நிறத்தில் அசிங்கமாக ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு. அவள் சிநேகிதி வீட்டில் ஜெனரேட்டர் இருந்ததால் அவர்கள் தொட்டி தப்பித்ததாம். நோய் நொடி இல்லாத தொட்டி என்று பார்த்து அதன் ஃபில்டரிலிருந்து வெட்டி, காயாமல் கொண்டுவந்திருக்கிறாள். மாமியார் மூக்கைச் சுளித்தார்கள். "ஆச்சி, நீங்க பக்கத்து வீட்ல உறை மோர் வாங்குறீங்கள்லா? இதுவும் அதேதான்" என்றாள். அதற்குப் பிறகு மாமியார் ஒன்றும் பேசவில்லை. அதை எங்கள் ஃபில்டருக்குள் செருகினோம்.

உறை ஊற்றினாலும் பால் தோய நேரம் வேண்டும் அல்லவா? தயிருக்கு ஒரு ராத்திரி போதும். இதற்கு ஒன்றுமே இல்லாமல் ஆரம்பித்தால் நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும், உறை போட்டால் அதில் பாதியாகக்கூடக் குறையலாம் என்றாள். அதுவரை இரை இரண்டு நாளைக்கு ஒரு தடவை ஒரு சிட்டிகை. தின்றது போக மிதப்பதை உடனே எடுத்துவிட வேண்டும். இதைச் சோதிக்கச் சொட்டு மருந்துப் பெட்டி கிடைக்கிறது. குழாயில் தொட்டித் தண்ணீர் பிடித்து மருந்தைச் சொட்டு விட்டால் அம்மோனியா இல்லை என்றால் மஞ்சள், இருந்தால் பச்சை ஏறும். எங்கள் குழாய் முதல் வாரம் நல்ல பச்சை. தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றினேன். வீட்டு வேலையோடு இது ஒரு வேலையா என்று அலுப்பாகத்தான் இருந்தது. வாளி தூக்கித் தூக்கி இடுப்பு போயிற்று. பையன் மட்டும் ஸ்கூல் விட்டு வந்ததும் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டான்.

மூன்றாவது வாரம் அம்மோனியா மஞ்சளுக்கு வந்தது. ஆனால் நைட்ரைட் ஏறிவிட்டது. முதல் கூட்டம் வேலையை ஆரம்பித்துவிட்டது, இரண்டாவது கூட்டம் இன்னும் பெருகவில்லை என்று அர்த்தம். சரியாக அந்த நேரம், பொங்கலுக்கு முந்தின நாள், கணவர் ஆசையாக ஆறு கோல்டு ஃபிஷ் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார்! பையன் முகத்தில் மூன்று வாரமாகக் காணாத சிரிப்பு. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் குழாயின் நிறம் அப்படியே இருக்கிறதே. நைட்ரைட் மீனின் ரத்தத்தைக் காப்பிக் கலராக்கிவிடும், ரத்தம் மூச்சுக் காற்றைச் சுமக்காது, தண்ணீரில் காற்று இருந்தும் மீன் மூச்சு முட்டிச் சாகும். அதிலும் கோல்டு ஃபிஷ் ரொம்பக் கழிக்கிற மீன். நான் பேசுவதற்குள் பையனே நோட்டைக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டி, "இப்ப விட்டா இதுகளும் செத்துரும்ப்பா" என்றான். பத்து வயசுப் பிள்ளை! கணவர் ஒரு வார்த்தை பேசாமல் பையைத் திருப்பிக் கொண்டுபோனார். கடைக்காரர் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். நஷ்டம்தான், பரவாயில்லை.

மூன்று மீனைக் காப்பாற்ற அந்த வாரம் கைகொடுத்தது நம்ம ஊர் உப்பு. அயோடின் கலக்காத கல் உப்பு, லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் 60 கிராம். ஒரே தடவையில் போடாமல் மூன்று நாளாகப் பிரித்துக் கரைத்து ஊற்றினேன். உப்பில் இருக்கிற குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போகவிடாமல் தடுக்குமாம். மோலிக்கு உப்பு என்றால் கொண்டாட்டம். மீசை வைத்த கெளுத்தி வகை வைத்திருப்பவர்கள் மட்டும் ஜாக்கிரதை, அதுகளுக்கு உப்பு ஒத்துக்கொள்ளாது. அந்த வெள்ளத்தில் எங்கள் உப்பளங்களும் மூழ்கி எத்தனையோ பேர் பிழைப்பு போனது. அந்த உப்பையே கையில் எடுத்தபோது மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

தொட்டித் தண்ணீரில் உயிரைப் பிடித்து நிறுத்துவது எங்கள் ஊருக்குப் புதுசில்லை என்று நாத்தனார் மகள் ஒரு தகவல் சொன்னாள். கடலில் முங்கி முத்துக் குளிப்பது 1961-உடன் நின்றுபோனது. பாரில் சிப்பி இல்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973-ல் இங்கேயே வளர்ப்பு முத்து எடுத்தார்கள். 1981-ல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைத் தொட்டியிலேயே பொரிக்க வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவுக் குஞ்சு! அவற்றுக்கு எத்தனை பக்குவமாகத் தண்ணீர் வைத்திருப்பார்கள் என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. மாமியாருக்கு முத்துக்குளிப்புக் கதைகள் தெரியும், இது தெரியாது.

ஐந்தாவது வாரம் முடிவில் அம்மோனியாவும் இல்லை, நைட்ரைட்டும் இல்லை. மூன்று நாள் தொடர்ந்து பார்த்துவிட்டு இரண்டே இரண்டு கப்பி வாங்கினோம். பையைக் கட்டினபடியே தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றிப் பழக்கி, மீனை மட்டும் வலையால் எடுத்து விட்டோம். கடைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவில்லை. அடுத்த இரண்டு வாரம் கழித்து இன்னும் இரண்டு. இப்படி எட்டு மீனோடு நிறுத்திக்கொண்டேன். முன்பு இருந்த 14, இந்தத் தொட்டிக்கு நெருக்கடிதான் என்பது நாத்தனார் மகள் கருத்து.

கரண்ட் போனால் என்ன செய்வது என்றும் கேட்டு வைத்துக்கொண்டேன். ஃபில்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்பாஞ்சை வெளியே எடுத்து, தொட்டித் தண்ணீர் நிறைந்த அகலப் பாத்திரத்தில் திறந்தாற்போல் போட வேண்டும். பேட்டரியில் ஓடுகிற சின்னக் காற்று மோட்டார் கிடைக்கிறது, ஒன்று வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். வெயில் காலத்தில் இது இன்னும் அவசியம். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். எங்கள் ஊர் மே மாசத்துக்குக் கேட்கவே வேண்டாம்.

பிழைத்த மோலிகளில் ஒன்று பெண். ஏப்ரலில் குட்டி போட்டது. மோலி முட்டை இடாது, குட்டிதான் போடும். பெரிய மீன் தின்றுவிடாமல் அதே பழைய டிரம்மில் எடுத்து வளர்த்தோம். பையன் அதில் ஏழெட்டைப் பின்தெருப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு என்று கொடுத்தான். கொடுக்கும்போது ஒவ்வொருத்தரிடமும் குழாய்த் தண்ணியை ஒரு நாள் ஆற வைக்கணும் என்று மிரட்டி அனுப்பினான். மாமியார் என் ஃபில்டரிலிருந்து ஸ்பாஞ்சு வெட்டி, காயாமல் கவரில் போட்டுக் கூடவே கொடுத்துவிட்டார்கள்.

— ஒரு வாசகி, தூத்துக்குடி