பழைய டிரெய்லர் வீட்டில் கழுவுநீருக்கு ஒரு தொட்டி

அமெரிக்க நாட்டில் 1950-களிலும் 60-களிலும் நிர்மாணிக்கப்பட்டு, மோட்டார் காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லப்பட்ட டிரெய்லர் வீடுகளைத் தேடி வாங்கி, இற்றுப்போன பலகைகளை மாற்றி, மீண்டும் பிரயாணத்துக்கு ஏற்றவையாக்குவோர் அங்கே அநேகர். அவ்வண்டிகளுள் மிகவும் பிரசித்தி பெற்றது ஏர்ஸ்ட்ரீம். அதன் ஸ்தாபகரான வாலி பயாம், 1959-ல் கேப் டவுனில் புறப்பட்டுக் கெய்ரோ வரையில் ஒரு வண்டிக் கூட்டத்தையே நடத்திச் சென்றவர். படுக்கை, அடுப்பு, குளிக்கும் அறை என்று சகல சௌகரியங்களையும் யோசித்துச் செய்த அக்காலத்தார், பாத்திரம் தேய்த்த நீரும் குளித்த நீரும் எங்கே போய்ச் சேரும் என்பதைப் பெரும்பாலும் யோசிக்கவில்லை. அது ஒரு குழாய் வழியாக வண்டியின் அடியில் மண்ணிலேயே விழுந்தது. சிலர் வாளி வைத்துப் பிடித்தார்கள். இன்று பெரும்பாலான முகாம் மைதானங்களில் அதற்கு அனுமதியில்லை. அது நியாயமான தடை என்றே கருதுகிறேன். சோப்பும் எண்ணெய்ப்பசையும் கலந்த நீரை அடுத்தவர் கூடாரமடிக்கப் போகும் தரையில் விட்டுச் செல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆகவே ஒரு தொட்டி அவசியமாகிறது. தொட்டியை வாங்குவது எளிது. அதைத் தாங்கவைப்பதில்தான் சிரமமெல்லாம். 30 அமெரிக்க காலன் கொள்ளும் சாதாரணத் தொட்டி நிறைந்தால் அதிலுள்ள நீர் மட்டும் சுமார் 114 கிலோ. குண்டும் குழியுமான பாதையில் வண்டி துள்ளும்போது, அந்தப் பாரம் பன்மடங்கு விசையோடு தன் ஆதாரங்களை இழுக்கும். தொட்டியின் விளிம்பைத் துளைத்து மரத்தரையில் திருகாணியால் பிணைத்துவிட்டால் போதும் என்று எண்ணுவது அபாயகரமானது. ஏனெனில் அந்தத் தரை, ஐம்பது அறுபது ஆண்டு ஈரத்தில் ஊறி, அநேகமாகத் தன்னையே தாங்கமாட்டாத நிலையில் இருக்கும். பாரம் முழுவதும் வண்டியின் இரும்புச் சட்டத்துக்கே போய்ச் சேரவேண்டும். நெடுக ஓடும் இரண்டு சட்டங்களுக்கும் இடையே ஆங்கிள் இரும்புகளைக் குறுக்கே போட்டு, அவற்றின் மேல் தொட்டியின் அடிப்பரப்பு முழுதும் படியுமாறு தகடோ கனமான பிளைவுட்டோ விரித்து, அதன்மேல் தொட்டியை உட்காரவைப்பதே உத்தமமான முறை. பாலிஎத்திலீன் வெயிலில் இளகும் சுபாவமுடையது என்பதால், இரண்டு பட்டைகளில் மட்டும் தொங்கும் தொட்டி நாளடைவில் பட்டைகளுக்கு நடுவே தொய்ந்துவிடும். பிரேக் போடும்போது நகராதிருக்கப் பக்கங்களில் தடுப்பும், இரும்பு உராயாதிருக்க ரப்பர்த் துண்டும் வேண்டும். போல்ட்டுகளைச் சட்டத்தின் நிமிர்ந்த நடுப்பகுதியில் பூட்டுவதே நலம். வளையும் விசையைத் தாங்கி நிற்பவை மேல்கீழ் விளிம்புகளாதலால் அவற்றைத் துளையிட்டுப் பலவீனப்படுத்தலாகாது.

எங்கே வைப்பது என்பதும் அற்ப விஷயமன்று. டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவிகிதம் வரை, காரோடு இணையும் முன் கொக்கியில் அழுந்தவேண்டும்; அது குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் வண்டி பக்கவாட்டில் ஆடத் தொடங்கி, சில சமயம் காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். நன்னீர்த் தொட்டி முன்னேயும் கழுவுநீர்த் தொட்டி பின்னேயும் இருந்தால், குளிப்பவர் ஒவ்வொருவரும் முன்பாரத்தைப் பின்பாரமாக மாற்றுகிறார். மொத்த எடை மாறாததால் ஒன்றும் நிகழவில்லை என்ற மயக்கம் உண்டாகிறது. அச்சுக்கு மேலோ அதற்குச் சற்று முன்னோ புதுத் தொட்டியை வைத்தால் இவ்வபாயம் பெரிதும் நீங்கும்.

வண்டிக்குள் இருக்கும் வடிகால்களுள் குளிக்கும் அறையினுடையதே யாவற்றினும் தாழ்ந்தது. தொட்டியின் தலை அதனினும் தாழ்ந்திராவிட்டால், நிறைந்த நீர் காலடியில் திரும்பி ஊறும். குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலச் சரிவும், காற்றுப் போக்குக்குக் கூரை வரை ஒரு குழாயும் தேவை. பாலிஎத்திலீனில் பசை ஒட்டாது; குழாயை ரப்பர் வளையத்தாலோ வெப்ப இணைப்பாலோதான் பொருத்தமுடியும். வண்டியின் அடிப்புறத்தைத் தகட்டால் மூடுமுன் தொட்டியை விளிம்புவரை நிரப்பி ஓர் இரவு விட்டுவைத்து, ஆங்கிள் வளைந்திருக்கிறதா, இணைப்பு கசிகிறதா என்று பார்ப்பதும், முதல் பிரயாணம் முடிந்ததும் போல்ட்டுகளை மறுபடி முறுக்குவதும் தவிர்க்கக்கூடாதவை. தொட்டிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் வடிகால் வால்வைக் கற்கள் தாக்காதவாறு, அதற்கு முன்னால் ஒரு சிறு இரும்புக் கவசத்தையும் சட்டத்தோடு பூட்டிவிடவேண்டும்.