இரும்பு சொல்லும் கணக்கு

விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் பஸ் ஏறிப் புதுச்சேரி ஜிப்மருக்கு வருகிறவர்களில் பலர் ‘கரண்ட் வைக்க’ வருகிறவர்கள். கதிர்வீச்சு சிகிச்சைக்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் அது. பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்து, 1964இல் இன்றைய பெயரைப் பெற்ற நிறுவனம் ஜிப்மர். இங்கு மட்டுமல்ல, எந்த ஊரிலும் வழக்கமான முறையில் ஒரு நாளைக்குக் கட்டியில் இறங்குவது கிரே என்ற அலகில் சுமார் 2 கிரே கதிர். குறைந்தால் கட்டி தப்பித்துக்கொள்ளும். கூடினால் நல்ல திசு கெடும். இறங்கியது எவ்வளவு என்று அளந்தே ஆக வேண்டும்.

இதற்கு மின்னணுக் கருவிகள் உண்டு. ஆனால் கதிர் நிகழ்த்தும் வேதிவினையையே அளவுகோலாக்கும் வழி ஒன்றும் உண்டு. அதை 1927இல் அமெரிக்காவில் காட்டியவர் ஹ்யூகோ ஃபிரிக்கே. கதிர் பட்ட நீர் உடைந்து ஹைட்ராக்சில் என்ற துடிப்பான துணுக்கு பிறக்கிறது. அது ஒரு ஃபெரஸ் இரும்பு அயனியை ஃபெர்ரிக்காக மாற்றிவிட்டு அடங்கிப்போகும். மாறிய அயனிகளை எண்ணினால் டோஸ் தெரிந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், சில பத்து கிரேக்குக் கீழே ஃபிரிக்கே கரைசல் தடுமாறும். 2 கிரே அதற்குப் போதாது. போதாக்குறைக்கு, கண்ணாடிக் குடுவையில் கரிமப் பொருள் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் அளவு பொய்யாக ஏறிவிடும். அதைத் தடுக்கக் கரைசலில் ஒரு துளி சோற்றுப்பு சேர்ப்பதே வழக்கம்.

மும்பை டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தில், பி.எல். குப்தாவும் அவருடைய குழுவினரும் அந்தத் தொல்லையையே கருவியாக்கினார்கள். பென்சாயிக் அமிலம் என்ற கரிமப் பொருளை அளந்து, வேண்டுமென்றே சேர்த்தார்கள். ஜாம், சாஸ் பாட்டில்களின் லேபிளில் 211 என்ற எண்ணோடு வருகிற சோடியம் பென்சோயேட் இதன் உப்புதான்.

ஹைட்ராக்சில் முதலில் பென்சாயிக் அமிலத்தின் ஆறு கார்பன் வளையத்தில் போய் ஒட்டுகிறது. நிலைகுலைந்த வளையம் கரைசலில் இருக்கும் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு பெராக்சி துணுக்காகிறது. அது ஒரு ஃபெரஸை மாற்றும். அதிலிருந்து பிறப்பது இன்னொன்றை மாற்றும். ஒன்றோடு நிற்க வேண்டிய கணக்கு ஆறேழாகப் பெருகுகிறது. இரும்பு இங்கே வெறும் சாட்சி அல்ல. வளையத்தின் வினையை அடுத்த படிக்குத் தள்ளுவதும் அதுதான்.

சங்கிலி கட்டுக்கடங்காமல் ஓடினால் அளவு பயன்படாது. அதற்குக் கடிவாளம் போடுவது மூன்றாவது பொருளான சைலினால் ஆரஞ்சு. ஃபெர்ரிக் அயனியைப் பிடித்துக்கொண்டு ஊதா நிறம் காட்டுவதும் அதுவே. ஆரஞ்சு மஞ்சளாக உள்ளே போன கரைசல், டோஸுக்கு ஏற்றபடி ஊதா ஏறி வெளியே வரும். சுமார் 540 நானோமீட்டர் ஒளியில் அதைப் படித்துவிடலாம். ஒரு கிரேக்கும் குறைவான டோஸ்கூடச் சிக்கும். இந்த வேதியியலை 1978இல் ‘ரேடியேஷன் ரிசர்ச்’ இதழில் குப்தா குழுவினர் விளக்கினார்கள். மூன்று பொருள்களின் பெயர்ச் சுருக்கமாக எஃப்பிஎக்ஸ் என்று கதிரியல் துறையினர் இதை அறிவார்கள்.

நம் நாட்டில் பிறந்த இந்த முறைக்குக் கல்லூரி வேதியியல் பாடநூல்களில் ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும். ஆசிரியர்கள் மனது வைக்கட்டும்.

இதே கரைசலில் இரும்புக்குப் போட்டியாகச் செம்பு அயனி நுழைந்தால் என்ன ஆகும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.