விவேக் நினைவாக நீலகிரியில் மரம் நடப்போறீங்களா? முதல்ல இதைப் படிச்சிடுங்க!

ஏப்ரல் 17 வந்தாலே நம்ம வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாம் ஒரே மாதிரி ஆகிடும். ஒருத்தர் 'ரன்' படத்து காக்கா பிரியாணியைப் போடுவார். இன்னொருத்தர் 'படிக்காதவன்' அசால்ட் ஆறுமுகத்தைப் போடுவார். ஆபீஸ் குரூப்ல யாராவது 'விஐபி' அழகுசுந்தரத்தோட மீமைத் தட்டிவிடுவாங்க. சிரிச்சுக்கிட்டே ஸ்க்ரோல் பண்ணிட்டு இருக்கும்போது, திடீர்னு தொண்டைக்குள்ள ஏதோ அடைக்கும். 'அட, இந்த மனுஷன் இப்போ இல்லையே...'

2021, ஏப்ரல் 17. ஒரு சனிக்கிழமை அதிகாலையில் நடிகர் விவேக் இறந்துபோனார். வயது 59. அன்றைக்கே தமிழ்நாடு முழுக்க ரசிகர்கள் மரக்கன்றுகளோட கிளம்பிட்டாங்க. ஊட்டியில் இருக்கும் என் தோழியும் அதில் ஒருத்தி. நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து மேட்டுப்பாளையத்திலிருந்து ஆறு வேப்பங்கன்றுகளை வரவழைச்சாங்க. மறுநாள் ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு புல்மேட்டில் நட்டு, விவேக் படம் ஒன்றை வெச்சுக் கும்பிட்டுட்டு வந்தாங்க.

கோடையிலேயே நாலு கன்று காய்ஞ்சுபோச்சு. மிச்சம் ரெண்டும் ஜனவரி உறைபனியில் கருகிடுச்சு. "அவருக்காகச் செஞ்ச ஒரே விஷயம், அதையும் சொதப்பிட்டோம்டி" என்று போனில் அழாத குறையாகச் சொன்னாள்.

அவள் எங்கே சொதப்பினாள்? அன்பில் குறையே இல்லை. இடம், மரம், நேரம்... மூன்றும் தப்பு. நீங்களும் விவேக் நினைவாக நீலகிரியில் ஒரு மரம் நட நினைத்தால், அந்த மூன்றையும் புரிஞ்சுக்கத்தான் இந்தக் கட்டுரை.

பார்க்காத மனுஷனுக்காக ஏன் இப்படி அழறோம்?

நாம யாரும் விவேக் வீட்டுக்குப் போனதில்லை. அவருக்கு நம்ம பேர்கூட தெரியாது. ஆனாலும் வீட்டு ஆள் போன மாதிரி வலிக்குது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1956-லேயே இதைப் பற்றி எழுதிட்டாங்க. திரையில் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒருவரோடு நமக்கு ஒருதலையான ஒரு நட்பு உருவாகிடுது. பதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எதுவும் வராது. ஆனால், நம்ம பக்கத்து உணர்வு நிஜமானது.

அதிலும் காமெடியன்கள் கொஞ்சம் ஸ்பெஷல். ஹீரோ படத்தை ஒருமுறை தியேட்டரில் பார்ப்போம். காமெடி சீனை சாப்பிடும்போது, டிரெஸ் மடிக்கும்போது, தூக்கம் வராதபோது என்று நூறு முறை பார்ப்போம். நீலகிரி எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவங்களைக் கேட்டுப் பாருங்க. வெளியே விடாத மழை, உள்ளே கம்பளி, கையில் கட்டன் சாயா, டி.வி-யில் விவேக் காமெடி. அந்தச் சிரிப்போடு அப்பா, அம்மா, அண்ணன் எல்லாருமே சேர்ந்துதான் ஞாபகத்தில் இருப்பாங்க. அவர் போனதும், அந்தச் சாயங்காலமும் சேர்ந்து போன மாதிரி ஒரு உணர்வு.

அதைக் கொண்டுபோய் எங்கேயாவது வைக்கணுமே! 2014-ல் ராபின் வில்லியம்ஸ் இறந்தபோது, 'குட் வில் ஹன்டிங்' படத்தில் அவர் உட்கார்ந்திருந்த பாஸ்டன் பூங்கா பெஞ்சில் ரசிகர்கள் பூங்கொத்துகளைக் கொண்டுபோய்க் குவிச்சாங்க. நமக்கு விவேக்கே ஒரு வழியைக் காட்டிட்டுப் போயிருக்கார்.

மரம் எப்படி விவேக்கின் அடையாளம் ஆச்சு?

தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த விவேகானந்தனை, 1987-ல் 'மனதில் உறுதி வேண்டும்' படத்தில் அறிமுகப்படுத்தியவர் கே.பாலசந்தர். அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். மூடநம்பிக்கை, சாதி, லஞ்சம் என்று எதையெல்லாம் மேடையில் பேசினால் கொட்டாவி வருமோ, அதையெல்லாம் காமெடியாக்கினார். 'கலைவாணர்' என்.எஸ்.கிருஷ்ணன் போட்ட பாதை அது. அதனால்தான் இவருக்கு 'சின்னக் கலைவாணர்' என்ற பெயர். 2009-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அவரை மரங்கள் பக்கம் திருப்பியவர் அப்துல் கலாம். அவர் கேட்டுக்கொண்டதற்காக 'கிரீன் கலாம்' என்ற பெயரில் மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கினார் விவேக். இலக்கு, ஒரு கோடி மரக்கன்றுகள். பள்ளி, கல்லூரி என்று எங்கே கூப்பிட்டாலும் போய் நின்றார். 2015-ல் கலாம் மறைந்தார். அதே வருடம் 13 வயது மகனையும் விவேக் இழந்தார். அதற்குப் பிறகும் மரம் நடுவதை அவர் நிறுத்தவில்லை. அவர் இறந்தபோது, அந்தக் கணக்கு 33 லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஒரு கோடிக்கு இன்னும் 60 லட்சத்துக்கும் மேல் பாக்கி.

2022-ல் சென்னை விருகம்பாக்கத்தில் அவர் வாழ்ந்த தெருவுக்கு 'சின்னக் கலைவாணர் விவேக் சாலை' என்று அரசு பெயர் வைத்தது. ரசிகர்களோ பாக்கிக் கணக்கை முடிக்க மண்வெட்டியை எடுத்தாங்க. அதுவரைக்கும் சூப்பர். ஆனால், நீலகிரியில் மண்வெட்டியை எடுக்கும் முன் ஒரு கதையைக் கேட்டாகணும்.

நீலகிரியில் மட்டும் ஏன் இவ்வளவு யோசிக்கணும்?

உயரமான நீலகிரியின் இயற்கையான உடை ரெண்டு துண்டு. பள்ளத்தாக்குகளில், ஓடை ஓரங்களில் நெருக்கமான சோலைக்காடு. மேட்டில் பரந்த புல்வெளி. நம்ம 'சோலை' என்ற வார்த்தையைத்தான் உலகமே 'ஷோலா' என்று எழுதுது. புல்மேட்டில் ஏன் மரம் இல்லை? முக்கியக் காரணம் உறைபனி. குளிர்கால இரவில் விழும் பனியில் மரக்கன்றுகள் கருகிடும். புல் மட்டும் தாங்கும்.

இது புரியாத ஆங்கிலேயர்கள், புல்வெளியை 'சும்மா கிடக்கும் நிலம்' என்று நினைச்சாங்க. விறகுக்காகவும், தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் கொண்டுவந்தாங்க. சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் தொழிற்சாலைகளுக்காக அதையே இன்னும் பெரிதாகச் செய்தோம். விளைவு, புல்வெளிகளில் பெரும்பகுதியை இந்த மரங்கள் விழுங்கிடுச்சு. சீகையை வெட்டினாலும் மண்ணில் கிடக்கும் விதைகள் மறுபடி முளைக்குது. இப்போது அந்த அந்நிய மரங்களை அகற்றும் வேலையில் வனத்துறை இறங்கியிருக்கு. சென்னை உயர் நீதிமன்றமும் இதை வலியுறுத்தி வருது.

புல்வெளி போனா என்ன? நம்ம மாநில விலங்கான வரையாடு மேய்வது அங்கேதான். 12 வருடங்களுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி இருப்பதும் அங்கேதான். 2018-ல் பூத்தது, அடுத்து 2030. தோடர் மக்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்ததும் இதே புல்லில். எல்லாத்துக்கும் மேல தண்ணீர். புல்வெளியும் சோலையும் சேர்ந்துதான் மழையை ஸ்பான்ஜ் மாதிரி உறிஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைகளுக்கு விடுது. பவானிக்கும் மாயாற்றுக்கும் தண்ணீர் போவது இந்த மலையிலிருந்துதான். கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ உட்கார்ந்து இதைப் படிக்கிற உங்களுக்கும் இதில் பங்கு இருக்கு.

அதாவது, நீலகிரிக்குக் கெடுதல் செய்தவர்களும் மரம்தான் நட்டாங்க. நல்லது செய்றோம்னு நினைச்சே நட்டாங்க. விவேக் பெயரால் அதே தப்பை நாம செய்யக் கூடாது இல்லையா?

சரி, எங்கே நடலாம்?

புல்மேடு, சதுப்பு நிலம்... ரெண்டும் வேண்டவே வேண்டாம். காலியாகத் தெரியுது என்பதற்காக அது காலி இடம் இல்லை. உங்கள் வீட்டுத் தோட்டம், பள்ளி, கல்லூரி வளாகம், கோயில், சர்ச், மசூதி வளாகம் ஓகே. தேயிலைத் தோட்டத்தில் நடணும்னா எஸ்டேட் நிர்வாகத்திடம் அனுமதி வாங்கணும். வனப்பகுதிக்குள் நீங்களாகப் போய் நடுவது சட்டப்படி தப்பு. வனத்துறை ஏற்பாடு செய்யும் நடவுகளில் சேர்ந்துக்கலாம்.

இன்னொரு விஷயம். மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1955 இங்கே அமலில் இருக்கு. வளர்ந்த மரத்தை 'வீட்டு மேல சாயுது' என்று நினைச்ச நேரத்துக்கு வெட்டிட முடியாது. அனுமதி வாங்கணும். அதனால் சுவர், மின்கம்பி, சரிவின் விளிம்பு இதையெல்லாம் பார்த்துட்டு நடுங்க.

எந்த மரம்?

சமவெளிக்கு வேம்பு ராஜா. ஆனால், ஊட்டி இருப்பது சுமார் 2,240 மீட்டர் உயரத்தில். உறைபனியை வேம்பு தாங்காது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி போன்ற உயரமான பகுதிகளுக்குச் சோலை மரங்கள்தான் சரி. காட்டுப்பூவரசு, காட்டுச் செண்பகம், விக்கி, மலையில் வளரும் நாவல் வகைகள் எல்லாம் இந்த மண்ணின் பிள்ளைகள். சிவப்பாகக் காட்டுப்பூவரசு பூத்து நிற்பதை ஒருமுறை பார்த்தால் விடமாட்டீங்க. இடம் சின்னது என்றால் தவிட்டுப்பழச் செடிகூட வைக்கலாம். தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் அழகுதான். ஆனால், அதுவும் ஆஸ்திரேலியாக்காரர்.

கூடலூர், பந்தலூர் பக்கம் உயரம் குறைவு. நாவல், நெல்லி நல்லா வரும். பலாவும் வரும். ஆனால், பலா வாசனைக்கு யானையும் வரும்! வீட்டுப் பக்கத்தில் பலா வைக்கும் முன் ரெண்டு முறை யோசிங்க.

எப்போது நடணும்?

இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. ஏப்ரல் 17 நினைவு நாள். ஆனால், அது கோடை. ரெண்டு கோடை மழையை நம்பி கன்றை விட்டுட்டு வந்தால், என் தோழியின் வேம்பு கதைதான்.

கேலண்டரில் மூன்று தேதிகளை மார்க் பண்ணுங்க. ஏப்ரல் 17-ல் இடத்தைத் தேர்வு செய்யுங்க, நர்சரியில் கன்றுக்குச் சொல்லி வைங்க. ஜூலை 27, கலாம் நினைவு நாள். அப்போது தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், ஊட்டியின் மேற்குப் பகுதியில் வெளுத்து வாங்கும். அந்தப் பக்கம் நட அதுதான் நேரம். நவம்பர் 19, விவேக்கின் பிறந்தநாள். குன்னூர், கோத்தகிரிக்கு அதிக மழை கொடுப்பது வடகிழக்குப் பருவமழை. அந்தப் பக்கத்துக்காரர்கள் அன்றைக்கு நடலாம். ஊட்டி டவுனில் மட்டும் நவம்பர் வேண்டாம், அடுத்து உறைபனி காத்திருக்கு.

நட்ட பிறகு?

சோலை மரங்கள் ரொம்ப மெதுவாக வளரும். முதல் வருடம் போட்டோ எடுத்தால், 'இது போன வருஷத்து போட்டோவா?' என்று கேட்பாங்க. பயப்படாதீங்க. சின்ன வயதில் அதற்குக் கொஞ்சம் நிழல் பிடிக்கும். முதல் ரெண்டு, மூன்று குளிர்காலத்துக்குக் காய்ந்த புல்லாலோ சாக்காலோ ராத்திரியில் ஒரு மூடாக்கு போடுங்க. ஆடு, மாடு, காட்டெருமை வரும் இடம் என்றால் வேலி கட்டாயம். கன்று வந்த பிளாஸ்டிக் பையைத் திரும்ப எடுத்துட்டு வந்துடுங்க.

டூரிஸ்டாக வர்றீங்களா? உண்மையைச் சொல்லட்டுமா? நீலகிரியில் நடாதீங்க. ரெண்டு நாளில் கிளம்பிடுவீங்க, யார் தண்ணீர் ஊற்றுவது? உங்கள் ஊரில், உங்கள் தெருவில் நடுங்க. அங்கே வேம்பு, புங்கன் எதுவும் ஓகே. நீலகிரிக்கு ஏதாவது செய்யணும்னா பிளாஸ்டிக் பாட்டில் இல்லாமல் வாங்க. இங்கே தங்கி வேலை பார்ப்பவர்கள், அந்நியக் களைகளை அகற்றும் முகாம்கள் நடந்தால் போய்ச் சேர்ந்துக்கங்க. இந்த மலையில் ஒரு சீகைக் கன்றைப் பிடுங்குவதும் ஒரு மரம் நடுவதற்குச் சமம்தான்.

என் தோழி?

அடுத்த ஆண்டு நவம்பர் 19-ம் தேதி, குன்னூரில் இருக்கும் அத்தை வீட்டுப் பின்கட்டில் ஒரே ஒரு நாவல் கன்றை நட்டாள். இந்த முறை படம், மாலை, செல்ஃபி எதுவும் இல்லை. அத்தைதான் தினமும் அதைப் பார்த்துக்கிறாங்க. பாத்திரம் கழுவும்போது போனில் விவேக் காமெடி ஓடும். அரிசி கழுவின தண்ணீர் கன்றுக்குப் போகும்.

"ஒரு கோடியில ஒண்ணு குறைஞ்சிடுச்சுடி" என்று போன மாதம் போனில் சொன்னாள். கன்று இப்போது அவள் இடுப்பு உயரம்.