நிழலும் உழைப்பும்: தேயிலைத் தோட்டத்து முள்முருக்கு பற்றிய சில குறிப்புகள்

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நிழல்மரம் இயற்கையின் கொடையெனவே பொதுவாகக் கருதப்படுகிறது. இக்கருத்தை நாம் ஏற்பதற்கில்லை. நட்டு, வெட்டி, பரப்பும் கைகளைக் கழித்துவிடின் அம்மரம் தேயிலைக்குத் துணையன்று. ஒளிக்கும் நீருக்கும் போட்டியிடும் இன்னொரு மரமே.

துரைமார் 'டடப்' என்றழைத்த மரம், யாழ்ப்பாணத்து வேலிகளிற் கதியாலாக நிற்பதும் மணவீட்டிற் கன்னிக்காலாக ஊன்றப்படுவதுமான முள்முருக்கின் நெருங்கிய இனமாகும். மழை தொடங்குங்காலத்தில் முற்றிய கொம்பைப் பட்டை சிதையாது வெட்டி ஊன்றினால் விரைவில் வேர்கொள்ளும். அவரைக் குடும்பத்ததாகையால் அதன் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியங்கள் வளியிலுள்ள நைதரசனைப் பிணிக்கின்றன. எனினும் அந்த நைதரசன் தேயிலையைச் சென்றடைவது பெரிதும், கிளைகள் வெட்டப்பட்டுச் செடிகளிடையே பரப்பப்படும்போதுதான்.

வெட்டும் பருவத்திலேயே நுட்பம் உள்ளது. மேற்குச் சரிவுகளில் தை, மாசி வரட்சியின்போது நிழல் நிலைத்திருத்தல் வேண்டும். தென்மேற்குப் பருவமழைக்கு முன்னர் கிளை கழித்தல் வேண்டும். முகில் மூடிய மாதங்களில் அடர்நிழல் ஒளியைக் குறைப்பதோடு இலையின் ஈரத்தையும் நீடிக்கச் செய்யும். 1946 இல் இலங்கையிற் காணப்பட்ட கொப்புள நோயின் பூஞ்சணத்துக்கு அவ்வீரமே வாய்ப்பு. அதன்பின் உயர்நிலத் தோட்டங்களில் நிழல் குறைக்கப்பட்டமைக்கு இதுவொரு முக்கிய காரணம். அங்கு உயர்நிழலாக நிற்கும் அவுஸ்திரேலியச் சவுக்கு, அதாவது கிறேவிலியா, விதையிலிருந்து வளர்க்கப்படுவது. நைதரசன் பிணிக்கும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, மண்வளத்தை வர்த்தமானி மூலம் மாற்றிவிடலாமென எண்ணப்பட்டது போலும்! அவ்வாண்டு முடியுமுன்னரே தடை நீக்கப்பட்டது. நட்ட கொம்பு போதிய தழை தருமளவுக்குக் கிளைக்க ஆண்டுகள் செல்லும்; ஆண்டுதோறும் கத்தியெடுத்துக் கிளை கழிக்கப் பயின்ற ஆட்களும் வேண்டும். முதலாளித்துவ விவசாயம் மண்ணையும் உழைப்பாளியையும் ஒருங்கே வறிதாக்குமென்று 'மூலதனம்' முதற்பாகத்தில் (1867) மார்க்ஸ் சுட்டியது இங்கு வெறும் உவமையன்று. கொழுந்து தராசில் நிறுக்கப்படுகிறது. கிளை கழித்தவனின் வேலை தராசில் ஏறுவதில்லை. ஆகவே செலவைச் சுருக்க முனையும் நிருவாகத்துக்கு, பிற்போட எளிதான வேலையாக அது அமைகிறது.

வெட்டிய கிளையிலும் ஒரு வழக்குண்டு. லயத்து அடுப்புக்கு விறகு வேண்டும். மண்ணுக்குத் தழை வேண்டும். நைதரசனிற் பெரும்பங்கு இலையிலும் இளந்தண்டிலுமே உள்ளது. அவற்றைச் செடியடியிற் பரப்பிவிட்டுத் தடித்த கொம்பைத் தொழிலாளர் வீட்டுக்குக் கொண்டுசெல்வதால் மண் இழப்பது சொற்பமே.